மூன்றிலிருந்து ஏழு வரை

என் அக்காவின் குரலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் காப்பாற்றத்தான் இத்தனையும் செய்தோம்.

தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரே குழாய். காலையில் தண்ணீர் வந்ததும் குடங்களுக்குள் குஸ்தி ஆரம்பிக்கும். ஒருத்தி இந்தியில் கத்துவாள், ஒருத்தி மராத்தியில், மீதிப் பேரெல்லாம் திருநெல்வேலித் தமிழில். அக்கா தன் வாசலில் நின்றபடியே ஒரு தடவை குரல் கொடுப்பாள். வரிசை தானாக நேராகும். அதில் மிரட்டல் இருக்காது, கெட்ட வார்த்தை இருக்காது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் அவள் குலவை போட்ட பிறகுதான் மற்றப் பெண்கள் வாய் திறப்பார்கள். அம்மா செத்துப்போனபோது எனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு என்னைக் குளிக்க விரட்டியதும், பள்ளிக்கூடத்துக்கு விரட்டியதும், நர்ஸ் படிப்புக்கு விரட்டியதும் அந்தக் குரல்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில் அவள் கழுத்தில் கட்டி வந்தது. முதலில் எலுமிச்சம்பழம் அளவு. இரண்டு வருஷத்தில் முந்தானையால் மூட முடியாத அளவு. மல்லாந்து படுத்தால் மூச்சு இழுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, எடுத்தாக வேண்டும், எடுத்தால் குரல் போனாலும் போகும், எழுதிக் கொடுத்துவிட்டுச் சேருங்கள் என்று சொன்னார்கள். கட்டிக்குப் பின்னால் ஒரு நரம்பு ஓடுகிறது. நூல் பருமன்தான் இருக்கும். அதில் கத்தி பட்டாலும் சூடு பட்டாலும் குரல் கம்மிவிடும், சிலருக்கு அடியோடு போய்விடும்.

அக்கா எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். சயான் ஸ்டேஷன் வரைக்கும் நான் பின்னாலேயே ஓடினேன்.

"செத்தாலும் பரவால்ல, ஊமையா வீட்டுக்கு வரமாட்டேன். நீ நர்ஸுதான, நீ சொல்லு, கொரலு போவாதுன்னு சொல்லு."

"போவாதுக்கா" என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

அப்போது நான் மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் தியேட்டர் சிஸ்டராக இருந்தேன். மாடியில் ஒரே ஒரு ஆபரேஷன் தியேட்டர். நடத்தியவர் மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் சர்ஜன். முன்கோபக்காரர், ஆனால் கை பொறுமையான கை. அவரிடம் போய் நின்று கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. அழுகையும் வராது, எரிச்சல்தான் வரும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்தன.

அக்காவைப் பரிசோதித்த பிறகு அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு இவாளுக்கு. இந்த குரூப்புல ஒரு பாட்டில்தான் கிடைக்கும்போல. அதனால ரத்தமும் போகப்படாது, குரலும் போகப்படாது. ரெண்டும் வேணும்னா கொஞ்சம் யோசிச்சுப் பண்ணணும்."

யோசிக்க வேண்டியது டயதர்மியைப் பற்றி. அது மரப்பெட்டிபோல் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் மின்சார யந்திரம். பெட்டியிலிருந்து ஒரு வயர் சர்ஜன் கைக்கு வரும். அதன் முனையால் சதையை அறுக்கலாம், இல்லை ரத்தக் குழாயைச் சுட்டு மூடலாம். காலடியில் இரண்டு பெடல். ஒன்றை மிதித்தால் மின்சாரம் விடாமல் ஓடும். சத்தமே இல்லாமல் சதை பிளக்கும், ஆனால் குழாய்கள் திறந்தபடி ரத்தம் விட்டுக்கொண்டிருக்கும். மற்றதை மிதித்தால் மின்சாரம் விட்டு விட்டு வரும். தாளிக்கும்போது கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று சத்தம் கேட்கும், குழாய் சுருண்டு மூடிக்கொள்ளும். எவ்வளவு சூடு என்பதைப் பெட்டியில் இருக்கும் டயல் சொல்லும். ஒன்றிலிருந்து பத்து வரை.

"அறுக்கற பெடல் வேண்டவே வேண்டாம். அதுக்குக் கத்தி இருக்கு" என்றார் சர்ஜன். "சுடறதுக்கும் ஊசி முனை வேண்டாம், ஆழமாப் போயிடும். உருண்டை முனையும் வேண்டாம், சுத்துப்பட்டு வெந்துடும். ரத்தம் வர்ற இடத்தைச் சின்ன மஸ்கிட்டோ ஃபோர்செப்ஸால பிடிச்சுண்டு, அந்த ஃபோர்செப்ஸை முனையால தொட்டாப் போறும். நரம்புக்குப் பக்கத்துல போனப்புறம் கரண்ட்டே கிடையாது. ஒவ்வொண்ணா நூல் போட்டுக் கட்டணும். டயல் மூணைத் தாண்டப்படாது."

நான் தலையை ஆட்டினேன். இதைவிட நல்ல திட்டம் பம்பாயில் எந்த ஆஸ்பத்திரியிலும் போட்டிருக்க மாட்டார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மின்சாரம் உடம்புக்குள் போனால் வெளியேற வழி வேண்டும். அதற்கென்று ஒரு ஈயத் தகடு உண்டு. உப்புத்தண்ணீரில் நனைத்த துணியில் அதைச் சுற்றி, நோயாளியின் தொடையில் கட்டி, வயரால் பெட்டியோடு சேர்த்துவிடுவோம். தகடு அகலமாக ஒட்டிக்கொண்டிருக்கும்வரை மின்சாரம் வெளியேறும் இடத்தில் சூடு தெரியாது. தகடு நழுவினால் மின்சாரம் வேறு வழி தேடும். உடம்பில் ஏதாவது உலோகம் இருந்து, அது இரும்பு மேஜையில் பட்டுக்கொண்டிருந்தால் அதன் வழியாக இறங்கும். குறுகின வழி என்பதால் அங்கே சுடும். ஆகவே இரண்டு விதிகள். நோயாளியின் மேல் பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. முனை சரியாகச் சுடவில்லை என்றால் முதலில் தகட்டைப் பார், பிறகு டயலைத் தொடு. புதிதாக வரும் பெண்களுக்கு இந்த இரண்டையும் நான்தான் சொல்லிக்கொடுப்பேன். தப்பாகச் சொன்னால் திட்டுவேன்.

ஆபரேஷன் அன்று காலை அக்காவும் அத்தானும் தாராவியிலிருந்து நடந்தே வந்தார்கள். அத்தானுக்குத் தோல் பதனிடும் கார்கானாவில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. கையெல்லாம் வெடித்திருக்கும், வாயில் பேச்சே வராது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

தாலியைக் கழற்றுவது என் வேலை. கழுத்தில் ஆபரேஷன், அது தெரிந்த சங்கதிதான். முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். என்றாலும் கொக்கியில் என் விரல் பட்டதும் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அது கழுத்தை விட்டு இறங்கியதில்லை. கடைசியில் அத்தானே வந்து, உள்ளங்கையை நீட்டி, "நான் வச்சிருக்கேன், குடு" என்றார். கழற்றி அவர் கையில் வைத்தேன். அவர் விரல்களை மூடிக்கொண்டார். ஆபரேஷன் முடியும்வரை அந்தக் கையைத் திறக்கவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அத்தான் வெளியே போனதும் நான் குனிந்து காலைப் பிடித்தேன். இரண்டு காலிலும் இரண்டாம் விரலில் வெள்ளி மெட்டி.

அக்கா காலை இழுத்துக்கொண்டாள். "அது வேண்டாம்."

"எல்லாத்தையும் எடுக்கணும்க்கா. ரூலு."

"தாலியத்தான் கழத்திட்டியே. கழுத்துல வெட்டப் போறாக, சரின்னு விட்டேன். கால்ல என்ன வெட்டு? கழுத்தும் வெறுமை, காலும் வெறுமைன்னா ஒங்க அத்தானுக்கு ஆவுமாட்டி? ஒண்ணாவது கெடக்கட்டும்."

நான் வாயைத் திறந்தேன். மின்சாரம், மேஜை, தகடு என்று சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. மராத்திக்காரி ஒருத்தி வந்திருந்தால் அவள் மொழியில் அதட்டிக் கழற்றியிருப்பேன். குஜராத்திக்காரி என்றால் கைச்சங்கிலியைக் கேட்காமலே அவிழ்த்திருப்பேன். எங்கள் ஆட்களுக்கு மெட்டி என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும், அதுதான் வினையாகப் போயிற்று. கழுத்தில் ஆபரேஷன், கால் மேஜையின் அந்தக் கோடியில் இருக்கிறது, ரப்பர் விரிப்பு வேறு இருக்கிறது என்று எனக்கு நானே பூசி மெழுகினேன். மெட்டிமேல் பிளாஸ்திரியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். கால்மேல் போர்வையை இழுத்துவிட்டேன்.

தியேட்டரில் சர்ஜன் என்னைக் கை கழுவிக்கொண்டு பக்கத்தில் நிற்க விடவில்லை. "ஒன் அக்கா. கத்தி எடுத்துக் குடுக்கறச்சே கை நடுங்கும். நீ மெஷினைப் பாத்துக்கோ" என்றார். கருவிகளை எடுத்துக்கொடுக்க இன்னொரு சிஸ்டர் நின்றாள். தலைமாட்டில் பார்ஸிக்கார மயக்க டாக்டர். ஈதரும் டயதர்மிப் பொறியும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்பதால் அவர் ஈதரைத் தவிர்த்து, தீப்பிடிக்காத மருந்தைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் கவனமெல்லாம் தீயின் மேலும் நரம்பின் மேலும் இருந்தது.

கழுத்து ஆபரேஷனுக்குத் தலைப்பக்கம் மேஜையை உயர்த்த வேண்டும். உடம்பு கீழே சறுக்காமலிருக்க மேஜைக் கோடியில் ஒரு இரும்புப் பலகை நிறுத்தி, அதில் பாதங்கள் ஊன்றி நிற்கும்படி செய்வார்கள். இதை நூறு தடவை செய்தவள் நான். தொடையில் தகட்டைக் கட்டினேன், பலகையை மாட்டினேன், அதன்மேல் ஒரு துணியை மடித்துப் போட்டேன். பாதங்கள் போய் அதில் ஊன்றின. மெட்டியும் பலகையும் அவ்வளவு நெருக்கத்தில் இருப்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை என்று சொன்னால் அது பாதிப் பொய். உறைத்தது. துணி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"சிஸ்டர், எல்லாம் எடுத்தாச்சோ?" சர்ஜன் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கேட்கும் கேள்விதான்.

"எடுத்தாச்சு சார்."

முதல் முக்கால் மணி நேரம் எல்லாம் திட்டப்படி போயிற்று. சின்னக் குழாய்களை ஃபோர்செப்ஸால் பிடிக்க, முனை தொட, கடுகு வெடிக்க, ரத்தம் நின்றது. டயல் மூன்றில் இருந்தது. கட்டியின் ஒரு பக்கம் விடுபட்டு வந்தது. பிறகு மேல்பக்கத்துப் பெரிய குழாயில் போட்ட நூல் நழுவியது. அது நழுவியதை நான் பார்க்கவில்லை. சர்ஜன் மூச்சை உள்ளே இழுத்த சத்தம்தான் கேட்டது.

கழுத்துப் பள்ளம் ரத்தத்தால் நிரம்பியது. துணியை வைத்து அழுத்தினார், எடுத்தார், மறுபடி நிரம்பியது. அந்தப் பெரிய குழாயை எப்படியோ பிடித்து மறுபடி கட்டிவிட்டார். ஆனால் அதற்குள் சுற்றிலும் சின்னச் சின்ன இடங்கள் கசிய ஆரம்பித்திருந்தன. கசிவு நின்றால்தான் நரம்பு கண்ணுக்குத் தெரியும். நரம்பு தெரியாமல் அடுத்த அடி எடுத்துவைக்க முடியாது.

"சுடவே மாட்டேங்கறது. ஏத்து" என்றார்.

நாலுக்குத் திருப்பினேன்.

"ஏத்துன்னேனே."

ஐந்து. கடுகுச் சத்தம் வரவில்லை, ஈர விறகுபோல் புஸ்ஸென்று அடங்கியது. ஒரே பாட்டில் ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கிப் பாதிக்கு வந்திருந்தது. மயக்க டாக்டர் தலையைத் தூக்காமல், "பிரஷர் கிர் ரஹா ஹை" என்றார், பிரஷர் இறங்குகிறதாம்.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. தகடு நழுவியிருக்கிறது. சரிந்த மேஜையில் அக்கா கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறாள், தொடைக்கட்டு தளர்ந்திருக்கிறது. முதலில் தகட்டைப் பார். மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குனிந்து, கால்பக்கத்துப் போர்வையைத் தூக்கி, கையை உள்ளே விட்டுக் கட்டை இறுக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. ஆனால் போர்வையைத் தூக்கினால் பிளாஸ்திரி சுற்றின விரல்கள் வெளியே தெரியும். எதிரில் நிற்கும் சிஸ்டர் பார்ப்பாள். சர்ஜன் பார்ப்பார். எடுத்தாச்சு சார் என்று நான் சொன்ன வார்த்தை எல்லார் எதிரிலும் பொய்யாகும்.

அக்கா சாகக் கிடக்கும்போது இதையா யோசித்தாய் என்று கேட்கலாம். இதைத்தான் யோசித்தேன். இரண்டு பயம் இருந்தது, அவள் செத்துவிடுவாளோ என்ற பயமும், அகப்பட்டுக்கொள்வேனோ என்ற பயமும். எது பெரிது என்று பிரித்துப் பார்க்க அப்போது நேரமில்லை, பிறகு பிரித்துப் பார்க்கத் தைரியமில்லை.

"சிஸ்டர், செத்துப்போயிட்டியா? ஏத்து."

டயலை ஏழுக்குத் திருப்பினேன்.

படபடவென்று கடுகு வெடித்தது. கசிவு ஒவ்வொன்றாக நின்றது. "ஹாங், இப்போ சரி" என்றார் சர்ஜன். தானாகச் சரியாகிவிட்டது, தகடு மறுபடி ஒட்டிக்கொண்டது என்று நம்ப விரும்பினேன். மின்சாரத்துக்கு வேறு வழி கிடைத்ததால்தான் சரியாயிற்று என்பதை யோசிக்க மறுத்தேன். வெந்த சதை நாற்றம் வந்தது. டயதர்மி போட்டால் தியேட்டரில் அந்த நாற்றம் எப்போதும் இருக்கும். எந்த இடத்துச் சதை என்று மூக்குக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நரம்பு தெரிந்தது. வெள்ளையாக, ஈரமாக, உயிரோடு. சர்ஜன் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார். மீதி எல்லாவற்றையும் நூலால் கட்டினார். ஒரு முடிச்சுக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டார். கட்டி முழுதாக வெளியே வந்து, கழுத்தைத் தைத்து முடித்தபோது மணி பத்தரை.

குரல் இருக்கிறதா என்று மேஜையிலேயே பார்ப்பது அவர் வழக்கம். மயக்கம் தெளியத் தெளிய எல்லாரும் அக்காவின் முகத்தைச் சுற்றி நின்றோம். சர்ஜன் முகமூடியை இறக்கிவிட்டுக் குனிந்தார்.

"அம்மா, ஏதாவது ஒரு வார்த்தை பேசுங்கோ. எதுவானாலும் சரி."

அக்காவின் உதடு அசைந்தது. இமை பாதி திறந்தது, என்னைத் தேடியது. பிறகு அந்தக் குரல் வந்தது. கரகரப்பு இல்லை, பிசிறு இல்லை. குழாயடிக்குக் கேட்கிற அதே குரல்.

"கால் எரியுதுட்டி."

சர்ஜன் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். "பலே. குரல் மணி மாதிரி இருக்கு" என்றார். மயக்க டாக்டரும் குரல் பிரமாதம் என்று, "ஆவாஸ் ஏக்தம் அச்சா ஹை" என்றார். மயக்கத்தில் யார் என்ன உளறினாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. குரல் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். இருந்தது. சர்ஜன் கையுறையைக் கழற்றிக்கொண்டே அத்தானிடம் சொல்ல வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

அந்த அறையில் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது புரிந்தவள் நான் ஒருத்திதான். "எரியுது, எரியுது" என்று அவள் முனகிக்கொண்டிருந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வையைத் தூக்கினேன்.

தொடைக்கட்டு தளர்ந்து தகடு ஒரு ஓரமாகத் தொங்கியது. அதிலிருந்து வழிந்த உப்புத்தண்ணீர் பலகைத் துணியை ஊறவைத்திருந்தது. இடது கால் கொஞ்சம் மடங்கியிருந்ததால் தப்பித்தது. வலது காலில் பிளாஸ்திரி கருகி மெட்டியோடு ஒட்டியிருந்தது. மெட்டியைச் சுற்றி விரல் வெள்ளையாக, ஓரத்தில் கருப்பாக இருந்தது.

அடுத்து நான் செய்ததை இத்தனை வருஷம் கழித்தும் எழுதக் கை கூசுகிறது. எலும்பு நறுக்கும் சின்னக் கட்டரை எடுத்து அந்த மெட்டியை வெட்டினேன். இடது கால் மெட்டியையும் உருவினேன், ஒன்று இருந்தால் இன்னொன்று எங்கே என்று கேட்பார்கள். பிளாஸ்திரியைச் சுரண்டி எடுத்தேன். எல்லாவற்றையும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சர்ஜனைக் கூப்பிட்டேன்.

அவர் விரலை வெகுநேரம் பார்த்தார். "மோதிரம் மாதிரி வட்டமா இருக்கே. மெட்டி இருந்துதா?"

"இல்ல சார். பிளேட்டு நழுவியிருந்துது."

என் முகத்தைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. "சரி" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால் எல்லாம் எடுத்தாச்சோ என்று என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். தானே வந்து போர்வையைத் தூக்கி, நோயாளியின் இரண்டு பாதத்தையும் பார்த்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். வேலையை விட்டு நீக்கியிருக்கலாம். அவர் பாட்டுக்குப் பாதத்தைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

விரல் கருத்தது. ஒரு மாதம் கட்டு மாற்றிப் பார்த்தோம். கடைசியில் பாதி விரலை எடுக்க வேண்டியதாயிற்று. "டாக்டர்ட்ட மெட்டியப் பத்திப் பேசாதக்கா, எனக்கு வேலை போயிரும்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அவளும் மூச்சு விடவில்லை. தங்கச்சியைக் காட்டிக்கொடுப்பாளா அவள்?

"எப்பிடிட்டி சுட்டுச்சு?" என்று மட்டும் ஒரு நாள் கேட்டாள்.

நான் கட்டு போட்டுக்கொண்டிருந்தேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவளே பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

"அம்மன் சுட்டுட்டா. தாலி இல்லாத ஒடம்புக்கு மெட்டி எதுக்குன்னு சுட்டுட்டா. நான் தாலியக் கழத்த விட்டுருக்கக் கூடாது."

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பஞ்சை எடுத்து மருந்தில் நனைத்தேன்.

அந்த நாளிலிருந்து அத்தான் சாகப்போகிறார் என்று அக்கா நம்ப ஆரம்பித்தாள். மறுபடி போட்டுக்கொண்டாலும் ஒரு தடவை தாலியைக் கழற்றியாயிற்று, மெட்டி போடும் விரலும் போயிற்று, இனி என்ன பாக்கி என்பது அவள் கணக்கு. செவ்வாய், வெள்ளி பட்டினி. மற்ற நாளில் உப்பில்லாச் சோறு. ரத்தம் இல்லாத உடம்பு இன்னும் வற்றியது. அத்தான் கார்கானாவிலிருந்து வர அரை மணி பிந்தினால் சந்து முனைக்குப் போய் நின்றுகொள்வாள். மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீரில், பாதி விரல் காலோடு, செருப்பில்லாமல் நிற்பாள். செருப்பு போடுவதில்லை என்று நேர்ந்துகொண்டிருந்தாள். அவர் தூரத்தில் வருவது தெரிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் வீட்டுக்குத் திரும்பி அடுப்பைப் பற்றவைப்பாள்.

அத்தானால் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவுக்கே என்னைத் தேடி வந்துவிட்டார். "பிள்ள, ஒங்க அக்காவ நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. நான் நல்லாத்தான் இருக்கேன். அவதான் எனக்கு முன்னால போயிருவா போலுக்கு" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. சொல்கிறேன் என்றேன். போய்ச் சாப்பிடச் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இப்படி இரண்டு வருஷம். ஒவ்வொரு செவ்வாயும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தாராவிக்குப் போவேன். அவள் பட்டினி முகத்தைப் பார்த்ததும் திரும்பி வருவேன்.

சொன்னதும் நானாகச் சொல்லவில்லை. அடுத்த சந்தில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அக்காவிடம் கேட்க வந்திருந்தாள். நான் உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"போவாத. தாலியக் கழத்தச் சொல்லுவாக. கழத்தினேன்னா வெனைதான். என் காலப் பாத்தியா? அம்மன் சும்மா பாத்துக்கிட்டு இருக்க மாட்டா. கட்டியோட இருந்தாலும் சுமங்கலியா இருந்துட்டுப் போ."

அந்தப் பெண் எழுந்துகொள்ளப் பார்த்தாள். நான் காப்பாற்றிக் கொடுத்த குரல். அது என் பொய்யைத்தான் பேசிக்கொண்டிருந்தது. இன்னொருத்தியைக் கொல்லப் பார்த்தது. கையில் வெங்காயத்தோடேயே வாசலுக்கு வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தகடு, பலகை, ஈரத்துணி, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு. போர்வையைத் தூக்கியிருக்கலாம், தூக்கவில்லை. அம்மன் சுடவில்லை, நான்தான் சுட்டேன். தாலிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தப் பெண் என்னையும் அக்காவின் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். ஆபரேஷனுக்கும் போனாள் என்று பின்னால் தெரிந்தது.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. "ரெண்டு வருசமா ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நான் தெருமொனையில நின்னதெல்லாம் பாத்துக்கிட்டுத்தான இருந்த."

அது கேள்வி இல்லை. அவள் உள்ளே போய், அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, உப்புப் போட்டுச் சோறு வடித்து, தட்டு நிறைய வைத்துச் சாப்பிட்டாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வராதே என்று சொல்லவில்லை. போனால் சோறு உண்டு. அத்தானைப் பார்த்து, "அவளுக்குக் கொழம்பு போதுமான்னு கேளுங்க" என்பாள். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பேன். அத்தான் என்னைப் பார்த்து, "போதுமா பிள்ள?" என்பார். நான் அத்தானிடம் போதும் என்பேன். சந்துக்குள் நுழையும்போதே குழாயடியில் அவள் குரல் கேட்கும். பிசிறில்லாமல், கணீரென்று. நான் உள்ளே நுழைந்ததும் அத்தானைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவாள். என் கல்யாணத்துக்கு முதல் குலவை அவள்தான் போட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. காலில் விழுந்து பார்த்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

அத்தான் அதற்குப் பிறகு பல வருஷம் நன்றாக இருந்தார். தலை முழுக்க நரைத்தபின், ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. செம்பூரில் குடியிருந்த எனக்கு ஆள் வந்து சொல்லி, நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைந்திருந்தது. சடங்கு செய்ய வயதான பெண்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அவள் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அக்கா அந்தக் கையை விலக்கினாள். தலையைத் தூக்கிக் கூட்டத்துக்குள் பார்த்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"ஏட்டி, நீ வா" என்றாள். "மொதல்ல கழத்துனவ நீதான. நீயே கழத்து."

அவள் குரல் கொஞ்சமும் கம்மவில்லை.